விதையா, தீனியா? கோழிகளின் எலும்பு நோயும் பரம்பரையும்

பிழைப்பை நாடிச் சொந்த ஊரை விட்டு நெடுந்தூரம் வந்து குடியேறிய நம்மவர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. குடியிருப்பின் பின்புறத்தில் நான்கு முழ இடம் கிடைத்தால் போதும்; ஒரு முருங்கைக் கொம்பை நட்டுவிடுவோம்; அதன் பக்கத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை வைப்போம். இன்னும் இடம் மிஞ்சினால் நாலு கோழிகளை வாங்கி விடுவோம். வட நாட்டுக் குளிரில் முருங்கை வாடும். கறிவேப்பிலை தயங்கித் தயங்கித் தழைக்கும். கோழிக்கு மட்டும் இந்தத் தயக்கமெல்லாம் இல்லை. எந்த மொழி வழங்கும் ஊராயினும், வந்த மறுநாளே அது மண்ணைக் கிளறத் தொடங்கிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு வட இந்தியாவில் ஓர் ஆலைக் குடியிருப்பில் நாங்கள் வாழ்ந்து வந்தபோது, அப்படித்தான் இருபத்து நான்கு குஞ்சுகளை வாங்கி வளர்த்தோம். கனத்த உடலும் நல்ல நிறமும் கொண்ட கலப்பு வர்க்கம் அது. ஆறாவது வாரத்தில் அவற்றுள் மிகப் பெரிதாய் வளர்ந்திருந்த சேவற்குஞ்சு ஒன்று, இரண்டடி நடப்பதும் உட்கார்ந்துகொள்வதுமாக இருந்தது. காலில் காயம் இல்லை, வீக்கமும் இல்லை. ஆனாலும் நொண்டியது.

பக்கத்து வீட்டில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் வந்து பார்த்துவிட்டு, "தீனியிலே சத்து இல்லை, தம்பி. கடைக்காரன் ஏமாற்றுகிறான்" என்றார். எதிர்வீட்டுப் பாட்டியோ, "நூலைப் போல சேலை என்று சும்மாவா சொன்னார்கள்? அதன் தாயும் தகப்பனும் எப்படி இருந்தனவோ, யார் கண்டது? விதை சரியில்லை" என்றார். இருவரும் அனுபவம் மிக்கவர்கள். இருவரில் யார் சொல்வது சரி? இந்தக் கேள்விக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம். அந்தச் சேவல் என்னவாயிற்று என்பதைப் பிறகு சொல்வோம்.

முதலில் எலும்பு எவ்வாறு வளர்கிறது என்பதைப் பார்ப்போம். எலும்பு உயிரற்ற கல் அன்று. கோழியின் காலில் சதைப்பற்று மிகுந்த துண்டினுள் இருக்கும் நீண்ட எலும்பை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். குஞ்சுப் பருவத்தில் இந்த எலும்பின் நுனிகளுக்கு அருகே மென்மையான குருத்தெலும்புப் பட்டை ஒன்று இருக்கும். அதிலுள்ள உயிரணுக்கள் பெருகி, வரிசை வரிசையாய் அடுக்கப்பட்டு, பருத்து முதிர்கின்றன. பின்னர் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அவற்றினூடே புகுகின்றன. சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் வந்து படிகின்றன. குருத்து கரைந்து, அந்த இடத்தில் கெட்டியான எலும்பு அமைகிறது. கட்டடத்துக்கு முதலில் மரச்சாரம் கட்டி, அதற்குள் சுவர் எழுப்பி, பின்னர் சாரத்தைப் பிரித்துவிடுவது போன்ற வேலை இது.

இந்த வேலை எத்தனை விரைவாக நடைபெற வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சின் எடை ஏறத்தாழ 40 கிராம். இறைச்சிக்கென வளர்க்கப்படும் இன்றைய கோழி, ஐந்தாறு வாரங்களில் இரண்டு கிலோவை எட்டிவிடுகிறது. ஐம்பது மடங்கு பெருகும் உடலை இரண்டு கால்கள் சுமக்க வேண்டும். சாரம் கட்டுவதிலோ சுவர் எழுப்புவதிலோ சிறு தாமதம் நேர்ந்தாலும் சுமை தாங்காமல் கால் வளைகிறது.

இந்தத் தாமதம் பல வகைகளில் நேரக்கூடும். வைட்டமின் டி, சுண்ணாம்பு, பாஸ்பரஸ் ஆகியவை குறைந்தால் எலும்பு கெட்டிப்படாமல் ரிக்கெட்ஸ் என்னும் நோய் தோன்றும். மாங்கனீஸ் போன்ற சத்துகள் குறைந்தால் முட்டி தட்டையாகி, அதன் பின்புறமுள்ள தசைநாண் பள்ளத்தைவிட்டு விலகி, கால் ஒருபுறமாகத் திரும்பிக்கொள்ளும். பெரோஸிஸ் என்பது இதன் பெயர். குருத்தெலும்பினுள் இரத்தக் குழாய்கள் புகாவிடில், எலும்பாக மாற வேண்டிய குருத்து வெள்ளைக் கட்டியாக அப்படியே தங்கிவிடும். இதற்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் நீளமானது. நாம் இதைக் கணைக்கால் குருத்து நோய் என்று சொல்லிக்கொள்வோம்.

இனி, இவற்றில் பரம்பரைக்கு என்ன வேலை என்பதைக் கவனிப்போம்.

எலும்புக் குறை நேராகவே பரம்பரையில் இறங்குவதும் உண்டு. தரையோடு தரையாக நடக்கும் குட்டைக்கால் கோழி வர்க்கங்கள் சில உள்ளன. ஜப்பானியர் அழகுக்காக வளர்க்கும் 'சாபோ' என்னும் சிறு கோழி அவற்றுள் ஒன்று. இத்தகைய குட்டைக்கால் கோழிகளை அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான வால்டர் லாண்டவர், எல். சி. டன் ஆகிய இருவரும் ஆராய்ந்து, 1930-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு குறிப்பிட்ட மரபணுவைத் தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற குஞ்சு, கால் குட்டையாய்ப் பிறந்து நலமாக வாழ்கிறது. இருவரிடமிருந்தும் பெற்ற கருவோ பெரும்பாலும் அடைகாத்த நான்கு நாட்களுக்குள் முட்டையிலேயே இறந்துவிடுகிறது. இங்கே தீனிக்கு வேலையே இல்லை. எத்தனை சத்தான உணவைக் கொடுத்தாலும் குட்டைக்கால் நீளப்போவதில்லை. எதிர்வீட்டுப் பாட்டியின் கட்சிக்கு இது ஒரு சான்று.

ஆனால் பெரோஸிஸ் நோயின் வரலாறு வேறு விதமானது. 1930-ஆம் ஆண்டுகளில் குஞ்சுகளைக் கூட்டமாகக் கொட்டகைக்குள் அடைத்து வளர்க்கும் முறை அமெரிக்காவில் பரவியபோது, இந்நோய் பண்ணைகளைப் பெரிதும் வருத்தியது. 1936-ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்கஸ், நாரிஸ், ஹ்யூஸர் ஆகிய மூவரும், தீனியில் மிகச் சிறிதளவு மாங்கனீஸ் சேர்த்தால் இந்நோயைத் தடுக்கலாம் என்று காட்டினர். ஒரு கிலோ தீனியில் 60 மில்லிகிராம் இருந்தால் போதுமானது. ஒரு சிட்டிகை உப்பைக்காட்டிலும் குறைவான அளவு இது! மக்காச்சோளத்தில் மாங்கனீஸ் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம்கூட இராது. கோதுமைத் தவிட்டிலோ 100 மில்லிகிராமுக்கு மேல் உண்டு; அரிசித் தவிட்டிலும் அது மிகுதி. நம் பாட்டிமார் கோழிக்குத் தவிடு பிசைந்து வைத்தபோது மாங்கனீஸ் என்னும் சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் அந்தச் சட்டியில் மாங்கனீஸ் இருந்தது.

அப்படியானால் திருநெல்வேலிப் பெரியவரின் கட்சி வென்றதா? முழுதும் வெல்லவில்லை. மாங்கனீஸ் குறைந்த அதே தீனியை உண்ட கோழிகளுள் எல்லாமே நோயுறவில்லை. மெலிந்த உடலுள்ள லெக்ஹார்ன் வர்க்கம் அதிகம் தப்பியது. கனத்த வர்க்கங்கள் அதிகம் வீழ்ந்தன. ஒரே வர்க்கத்துக்குள்ளும் சில குடும்பங்கள் தாங்கின. சில குடும்பங்கள் தாங்கவில்லை. சத்துக் குறைவு எல்லாக் குஞ்சுகளின் கதவையும் தட்டியது. சில குஞ்சுகளின் கதவில்தான் தாழ்ப்பாள் இல்லை. அந்தத் தாழ்ப்பாள் இல்லாமையே பரம்பரையில் இறங்குவது. நோய் வேறு, நோய்க்கு இடங்கொடுக்கும் இயல்பு வேறு. பாட்டியின் மொழியில் சொன்னால், சேலையில் கிழிசல் வரவில்லை. கிழியக்கூடிய நூல்தான் வந்தது.

இதை மிகத் தெளிவாக எடுத்துக்காட்டியது கணைக்கால் குருத்து நோயே. 1965-ஆம் ஆண்டில் ரோலண்டு லீச், மால்டன் நெஷைம் என்னும் இரு விஞ்ஞானிகள் இந்நோயை விரிவாக விளக்கி எழுதினர். தாங்கள் வளர்த்த குஞ்சுகள் சிலவற்றின் காலெலும்பின் மேல்நுனியில் வெள்ளைக் குருத்துக் கட்டி இருப்பதை அவர்கள் கண்டனர். நோய் கண்ட குடும்பங்களைத் தெரிந்தெடுத்து இனம் பெருக்கியபோது, அவற்றின் வழித்தோன்றல்களிடையே நோய் பெருகியது. நோயற்றவற்றைத் தெரிந்தெடுத்துப் பெருக்கியபோது நோய் குறைந்தது. பரம்பரையின் கை இதில் இருக்கிறது என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. நோய்க்கு இடங்கொடுக்கும் அதே வர்க்கத்துக்கு வெவ்வேறு தீனிகளைக் கொடுத்துப் பார்த்தனர். தீனியில் குளோரைடு என்னும் பொருள் மற்ற தாதுக்களுக்கு ஒவ்வாத அளவில் மிகுந்தபோது நோய் அதிகமாயிற்று. அதைச் சமன்செய்யும் வகையில் சோடியமும் பொட்டாசியமும் சேர்த்தபோது நோய் தணிந்தது. சுண்ணாம்பு குறைந்து பாஸ்பரஸ் மிகுந்தாலும் இந்நோய் பெருகும் என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. சிலவகைப் பூஞ்சணம் பிடித்த தானியமும் இதை உண்டாக்க வல்லது. ஆகவே, பலவீனத்தோடு பிறந்த குஞ்சுக்கும் நல்ல தீனி கைகொடுக்கிறது; கெட்ட தீனியோ அதன் பலவீனத்தை வெளியே இழுத்துவிடுகிறது. விதையா, தீனியா என்னும் வழக்கில் இரண்டும் கூட்டுக் குற்றவாளிகள் என்பதே தீர்ப்பு.

இந்தப் பலவீனம் கோழிக்குலத்தில் எவ்வாறு பெருகிற்று? நம் கோழிகளின் மூதாதையான செங்காட்டுக் கோழி, ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள சிறு பறவை. அதன் கால்கள் அதன் உடலுக்குப் போதுமானவை. மனிதன் தன் தேவைக்காக அதன் உடலைப் பெருக்கினான். கனடா நாட்டின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தார் ஓர் ஆராய்ச்சியை 2014-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த மூன்று கோழி வர்க்கங்களை அவர்கள் ஒரே காலத்தில், ஒரே தீனி கொடுத்து வளர்த்தனர். 56 நாட்கள் முடிந்தபோது 1957-ஆம் ஆண்டு வர்க்கம் 905 கிராம் இருந்தது. 1978-ஆம் ஆண்டு வர்க்கம் 1,808 கிராம். 2005-ஆம் ஆண்டு வர்க்கம் 4,202 கிராம். தீனி ஒன்றே, காலமும் ஒன்றே, விதைதான் வேறு. மனிதன் ஐம்பது ஆண்டுகளாக வேகமாய் வளரும் கோழியையே தேர்ந்தெடுத்து வந்ததன் பலன் இது. எடையைத் தேர்ந்தெடுத்த கை, அந்த எடையைத் தாங்கும் எலும்பைக் கூடவே தேர்ந்தெடுக்க நெடுங்காலம் மறந்துவிட்டது.

மறந்ததற்குக் காரணம் உண்டு. எடையைத் தராசு காட்டும். எலும்பின் உட்புறத்தைக் கோழி உயிரோடிருக்கும்போது எப்படிக் காண்பது? அறுத்துப் பார்த்தால் உண்மை தெரியும்; ஆனால் அறுத்த கோழியை வைத்து இனம் பெருக்க முடியாது. இந்தச் சிக்கலைத் தீர்க்க உதவிய கருவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் லோ யின் என்னும் விஞ்ஞானி, கையில் பிடித்துக்கொள்ளக்கூடிய சிறு எக்ஸ்ரே கருவியொன்றை 1970-ஆம் ஆண்டுகளில் உருவாக்கினார். கோழி இனம் பெருக்குவோர் அதைக் கொண்டு உயிருள்ள பறவையின் காலை நொடிப்பொழுதில் பார்த்து, குருத்துக் கட்டி உள்ளவற்றை விலக்கினர். நொண்டாமல் நடந்த கோழிகளுக்குள்ளும் கட்டி மறைந்திருப்பதை அந்தக் கருவி காட்டியது. இவ்வாறு தலைமுறை தலைமுறையாக விலக்கி வந்ததால் பெரிய நிறுவனங்களின் வர்க்கங்களில் இந்நோய் வெகுவாகக் குறைந்துள்ளது.

இதுவரை குஞ்சுகளின் கதையைக் கேட்டோம். இனி முட்டையிடும் பெட்டைக் கோழியின் நிலையைச் சற்றுப் பார்ப்போம். ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. கோழியின் எலும்புகள் அனைத்திலும் சேர்ந்து இருப்பது ஏறத்தாழ 20 கிராம். ஒவ்வொரு முட்டைக்கும் தன் எலும்புச் சொத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சமமான பொருளை அது ஓடாக வார்த்துக் கொடுக்கிறது! ஓடு பெரும்பாலும் இரவில், இரை தின்னாத வேளையில் உருவாகிறது. இதற்காகவே பெட்டைக் கோழி, பருவம் எய்தியதும் தன் எலும்புகளின் உட்குழிவில் ஒருவகைத் தற்காலிக எலும்பைச் சேமித்து வைக்கிறது. பகலில் சேமித்து இரவில் செலவழிக்கும் கைப்பெட்டி அது. ஆனால் முட்டையிடும் காலம் முழுவதும், உடலைத் தாங்கும் வெளியெலும்பு புதிதாக உருவாவதில்லை. சிறிது சிறிதாகக் கரையவும் செய்கிறது. ஆண்டில் முந்நூறு முட்டை இடும் இன்றைய கோழிக்கு இந்தக் கரைவு பெரும் நலிவாக முடிகிறது. 1989-ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், கூண்டுகளில் வளர்ந்து முட்டைக்காலம் முடிந்த கோழிகளில் 29 சதவீதம், வெட்டும் இடத்தை அடையுமுன்பே ஓர் எலும்பேனும் முறிந்த நிலையில் இருந்தன என்று கண்டனர்.

இதிலும் பரம்பரைக்குப் பங்கு உண்டா? எடின்பரோ நகருக்கு அருகிலுள்ள ராஸ்லின் ஆராய்ச்சி நிலையத்தார் இக்கேள்வியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். கோழிகளின் எலும்பு வலிமையை அளந்து, வலிய எலும்புள்ள குடும்பங்களை ஒரு வழியாகவும், மெலிந்த எலும்புள்ளவற்றை மற்றொரு வழியாகவும் இனம் பெருக்கினர். கோழிக்குக் கோழி காணப்படும் எலும்பு வலிமை வேறுபாட்டில் ஏறத்தாழ 40 சதவீதம் பரம்பரையால் வருவது என்று 2000-ஆம் ஆண்டில் அவர்கள் எழுதினர். இவ்விரு வழிக் கோழிகளையும் கூண்டிலும், நடக்கவும் பறந்தேறவும் இடமுள்ள கொட்டகையிலும் வைத்து வளர்த்துப் பார்த்து, அதன் முடிவை 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நல்ல பரம்பரை எலும்பை வலுப்படுத்தியது, உடற்பயிற்சியும் வலுப்படுத்தியது, இரண்டும் சேர்ந்தபோது ஒன்றின் பயனோடு மற்றதன் பயனும் கூடியது. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்னும் நிலை அங்கே இல்லை.

நேயர்களே, இவையெல்லாம் வெளிநாட்டுக் கூடங்களில் நடந்த ஆராய்ச்சிகள். நம் கொல்லைப்புறத்துக்கு இவற்றால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் நிரம்ப உண்டு.

முதலாவது, குஞ்சு வாங்கும்போது அதன் வர்க்கத்தை விசாரிக்க வேண்டும். இறைச்சிக்கென விரைந்து வளரும் வர்க்கத்தைக் கொல்லையில் விட்டு ஆண்டுக்கணக்கில் வளர்க்க நினைப்பது பொருந்தாது. இதற்கென்றே நம் நாட்டு ஆராய்ச்சி நிலையங்கள் கொல்லை வளர்ப்புக்கு ஏற்ற வர்க்கங்களை உருவாக்கியுள்ளன. உத்தரப் பிரதேசத்தில் இஸத்நகரில் 1979-ஆம் ஆண்டில் தோன்றிய மத்திய பறவை ஆராய்ச்சி நிலையமும், 'வனராஜா', 'கிராமப்பிரியா' ஆகிய வர்க்கங்களை அளித்த ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையமும் இத்துறையில் பணிபுரிகின்றன. நீங்கள் வாழும் மாநிலத்தின் கால்நடைத் துறையினரைக் கேட்டால் அவ்வூருக்கு ஏற்ற வர்க்கத்தைச் சொல்வார்கள்.

இரண்டாவது, வெயில். வட நாட்டில் மார்கழி, தை மாதங்களில் மூடுபனி நாள்கணக்கில் நீடிக்கும். குளிருக்கு அஞ்சிக் குஞ்சுகளை அறைக்குள்ளேயே வைத்திருப்போம். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் வெளிச்சமும் வெதுவெதுப்பும் தரும். ஆனால் உடலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். ஆகவே பனி விலகிய நேரத்தில் குஞ்சுகளைச் சிறிது நேரமாவது திறந்த வெயிலில் விட வேண்டும். இயலாதபோது வைட்டமின் டி சேர்ந்த தீனி கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, தீனி. குஞ்சுக்குக் குஞ்சுத் தீனியும், முட்டையிடும் கோழிக்கு அதற்குரிய தீனியும் தனித்தனியே கொடுக்க வேண்டும். முட்டைக்கோழிக்குக் கிளிஞ்சல் தூள் அமிர்தம். அதையே குஞ்சுக்கு அளவின்றிக் கொடுத்தால் தீங்கு. தவிடு கொஞ்சம் கலந்து கொடுப்பது நலம். ஈரம் பட்டுப் பூஞ்சணம் வாடை வீசும் தீனியை விலை மலிவென்று வாங்குவது வீண் செலவே.

நான்காவது, தரை. வழுக்கும் சிமெண்டுத் தரையில் குஞ்சின் கால்கள் விரிந்து கோணும். உமியோ மரத்தூளோ பரப்பி, நடக்க இடம் விட்டு வளர்க்க வேண்டும். நடக்கும் கால் வலுக்கும்.

ஐந்தாவது மிக முக்கியமானது. நாங்கள் தவறியதும் அதில்தான். நம் சேவலின் கதைக்கு இப்போது திரும்புவோம்.

ஆறாவது வாரத்தில் நொண்டிய அந்தச் சேவற்குஞ்சை நாங்கள் கைவிடவில்லை. தனியே வைத்து, மீன் எண்ணெய் கொடுத்து, வெயிலில் விட்டு வளர்த்தோம். மெல்ல மெல்ல அது எழுந்து நடந்தது. ஐந்தாம் மாதத்தில் அந்தக் குடியிருப்பிலேயே அத்தனை கம்பீரமான சேவல் வேறில்லை. பிள்ளைகள் அதற்கு 'ஜமீன்தார்' என்று பெயர் வைத்தார்கள். நோயை வென்ற வீரன் அல்லவா என்று மகிழ்ந்து, அதையே எங்கள் பெட்டைகளுக்குத் துணையாக வைத்து இனம் பெருக்கினோம். அடுத்த ஆண்டு பொரித்த முப்பது குஞ்சுகளில் எட்டுக் குஞ்சுகள் நொண்டின. அவற்றுள் மூன்று இறந்தன.

எங்களுக்குக் கோபம் பொங்கியது. திருநெல்வேலிப் பெரியவரின் சொல் நினைவுக்கு வந்தது. நேரே தீனிக்கடைக்குப் போய், வாடிக்கையாளர் நாலு பேர் முன்னிலையில் கடைக்காரரைக் கடுமையாகப் பேசிவிட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூட்டைகளை மட்டும் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் இறந்த குஞ்சு ஒன்றை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் காலெலும்பை நெடுக்காகப் பிளந்து, மேல்நுனியில் பட்டாணி போன்ற வெள்ளைக் கட்டியைக் காட்டினார். "இவற்றின் தகப்பன் எது? குஞ்சாயிருந்தபோது நொண்டியதா?" என்று கேட்டார். நாங்கள் ஜமீன்தாரின் வரலாற்றைச் சொன்னோம். "இந்தக் கட்டி சிறிதாக இருந்தால் வயது ஏற ஏற எலும்பாக மாறிவிடும், கோழி நடக்கும். உங்கள் பராமரிப்பில் அதன் கால் சரியாயிற்று. ஆனால் அதன் விதை சரியாகவில்லையே!" என்றார் அவர். பிணியிலிருந்து மீண்ட கோழியை அன்போடு வளர்க்கலாம்; ஆனால் அதைக் கொண்டு இனம் பெருக்கலாகாது. இதுவே நாங்கள் கற்ற ஐந்தாவது பாடம். எந்தக் குஞ்சு எந்தச் சேவலுக்கும் எந்தப் பெட்டைக்கும் பிறந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பதற்குக் காலணாச் செலவில்லை. குடும்பம் அறிந்தால் பலவீனத்தின் வழியையும் அறியலாம்.

ஒரு கொல்லையில் நடந்தது விஞ்ஞானச் சோதனை ஆகாது. அதை நாம் அறிவோம். ஆயினும் செய்த தவறு தெரிந்த பின் வாளா இருக்க மனம் இடந்தரவில்லை. அன்று மாலையே கடைக்காரரிடம் போய், குற்றம் எங்கள் சேவலுடையது என்று சொல்லி, பேசிய கடுஞ்சொல்லுக்கு வருத்தம் தெரிவித்துக்கொண்டோம். அவர் உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்தார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "குற்றம் முழுவதும் சேவலின் தலையில் போட வேண்டாம். சென்ற மழையில் கூரை ஒழுகி நாலைந்து மூட்டை நனைந்துவிட்டது. காயவைத்து விற்றேன். உங்கள் மூட்டை அவற்றில் ஒன்றாக இருக்கலாம்" என்று தம் மொழியில் சொன்னார்.

வீடு திரும்பியதும் பெரியவரிடமும் பாட்டியிடமும் அதைச் சொன்னோம். இருவரும் தாம் சொன்னதே சரியாயிற்று என்று மகிழ்ந்தார்கள். இருவர் சொன்னதும் சரிதான். ஜமீன்தார் அதன் பிறகும் மூன்றாண்டுகள் எங்கள் கொல்லையிலேயே இருந்தது. விடியற்காலையில் குடியிருப்பு முழுவதையும் எழுப்பியது. குஞ்சுகளுக்கு மட்டும் வேறு தகப்பன் வந்தது.